கரடான சாய்தளம்

சங்கம் தந்த போன வருடக் கலண்டரில்
தலைவரின் சிரிப்பைத் திருப்பிப் போட்டால்
வெள்ளை.
பன்னிரண்டு தாளும் அப்படியே.

முந்நூற்று ஐம்பத்தோரு நாள்
என்று மேலே எழுதினேன்.
அடியில் ஒரு கோடு.
பிறகு கழிக்கத் தொடங்கினேன்.

இணைந்த கணிதத்துக்கு எங்கள் பாடசாலையில்
ஆசிரியர் இல்லை.
இருந்தவர் மாற்றலாகி மாத்தளைக்குப் போன அன்று
கரும்பலகையில் வரைந்துவிட்டுப் போன எறியம்
இரண்டு வாரமாய் நிலத்தில் விழவேயில்லை.
ஆகவே சனிக்கிழமைகள் ஹட்டனுக்கு.
ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் ஏழரை.
ஏழரையில் போனால்
நிலையியல் பாதி முடிந்திருக்கும்.
போக வர இருநூற்று அறுபது,
வகுப்புக்கு மாதம் ஆயிரத்து எண்ணூறு.
கொழுந்துக் கிலோவாக மாற்றிப் பார்த்தேன்.
மாற்றியதை அழித்துவிட்டேன்.

ஜூன் வந்தால் தகரத்தில் மழை.
வாய்விட்டு எதையும் படிக்க முடியாது.
இரசாயனத்தை அங்கே போட்டேன்,
சமன்பாடுகளுக்குக் காது வேண்டாம்.
தேர்த் திருவிழாவுக்கு மூன்று நாள் கழித்தேன்;
ஒலிபெருக்கியை எங்கள் லயன் கோடியில்தான் கட்டுவார்கள்.
பீலித் தண்ணீருக்குத் தினமும் நாற்பது நிமிடம்.
தம்பியின் இழுப்புக்கு
எத்தனை இரவு என்று தெரியவில்லை,
ஒன்பது என்று வைத்துக்கொண்டேன்.
தீபாவளியைத் தொடவில்லை.
அதன் முற்பணம்
என் கடைசி மூன்று மாதக் கட்டணமாக
ஏற்கெனவே பேசி முடிந்தது.

கடந்தகால வினாத்தாள்களில்
சாய்தளங்கள் பெரும்பாலும் ஒப்பமானவை.
இந்தப் பக்கம் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.
பத்தாம் நம்பர் மலையில்
முதுகில் பதினெட்டுக் கிலோவோடு அம்மா நிற்பது
உராய்வின் தயவில்.
மழை நாளில்
குணகம் குறையும்.
அதற்கு ஒரு கேள்வியும் வந்ததில்லை.

தொகையீட்டுக்கு நிரோஷிகாவின் கொப்பிதான்.
பன்னிரண்டாம் வகுப்புவரை
ஒரே வாங்கில் இருந்தோம்.
இப்போது கட்டுநாயக்கவில்
சட்டைக் கழுத்துப் பட்டி தைக்கிறாள்.
முத்து முத்தான எழுத்து, விடைகளும் சரி,
ஆனால் நாற்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து
ஒவ்வொரு கணக்கின் கடைசியிலும்
மாறிலியை விட்டிருக்கிறாள்.
அந்த வாரம்தான் அவளுடைய அப்பா
மரத்திலிருந்து விழுந்தார்.
சிவப்புப் பேனையை எடுத்தேன்.
மூடி வைத்தேன்.

இரவு, திட்டத்தைப் படம் எடுத்து
அவளுக்கு அனுப்பினேன்.
பதினொன்றரைக்கு ஷிப்ட் முடிந்து
குரல் வந்தது, பின்னால் பஸ் இரைச்சல்:
"ஞாயித்துக்கெழம எங்கடி? ஒறங்க மாட்டியா?
அலையெல்லாம் ஏப்ரலுக்குத் தள்ளு,
மொதல்ல வெப்பத்த முடி."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"எனக்கும் ஒண்ணு போட்டு அனுப்பு.
தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதலாமாம்.
விசாரிச்சிட்டேன்."

மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று
வரையறை இருக்கிறது.
பொறியியலுக்கு எங்கள் பங்கு
விரலில் எண்ணலாம்.
அவள் முழுதாய்ப் படித்தால்
என்னைவிட ஒரு படி மேலே நிற்பாள்,
எப்போதும் நின்றிருக்கிறாள்.
இதுவும் ஒரு கழித்தல்தான்.
பேனை முனையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
இதை மட்டும்
கழிக்கவில்லை.

ஆணியிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்தேன்.
தலைவர் மறுபடியும் சிரித்துக் குப்புறப் படுத்தார்.
அவளுக்குக் கழிக்க வேண்டியவை வேறு:
மேலதிக நேரம், விடுதியில் பத்து மணிக்கு
அணையும் விளக்கு,
அவளே சொல்லாத என்னவெல்லாமோ.
அவற்றுக்கு இடம் விட்டேன்.
நாற்பத்து மூன்றாம் பக்கத்தை
முதல் ஞாயிறில் போட்டு
'மாறிலி, கழுதை' என்று எழுதினேன்.

சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.
ஸ்டோர் பக்கம் கொழுந்து வாடும் மணம்.
மணி பார்த்தேன், பன்னிரண்டு தாண்டியிருந்தது.
ஆகவே அவளுடைய தாளின் தலைப்பில்
முந்நூற்று ஐம்பது என்று எழுதி,
என்னுடையதிலும்
திருத்தினேன்.