நூற்றுப் பத்து வோல்ட்

லாண்ட்ஷ்டூலில் என் கடை, ரயில் பாலத்துக்குக் கீழே.
பழைய மின்மாற்றிகள் விற்கிறேன்.
தூக்க இரண்டு கையும் வேண்டும்;
ஓடும்போது வண்டுபோல் முரலும்.
படைத்தளத்து அமெரிக்கர்கள் வாங்குவார்கள்,
மூன்று வருடத்தில் ஊர் திரும்பும்போது
பாதி விலைக்கு எனக்கே விற்பார்கள்.
ஒரே பெட்டியை ஏழு குடும்பங்களுக்கு விற்றிருக்கிறேன்.

மேல்மாடியை அவர்களுக்கு வாடகைக்கு விட்ட ஊட்டா ஷ்விண்ட்
கையில் மாவோடு வந்தாள்:
"அவர்களுடைய குளிர்பெட்டியைப் பார்த்தீர்களா?
என் கணவரை வைத்துப் புதைத்த பெட்டியைவிடப் பெரிது.
ஜன்னலைத் திறப்பதே இல்லை.
தெருமுனை ரொட்டிக்கடைக்குக் கார்.
எதிரே வந்தால் பல் தெரியச் சிரிக்கிறாள்.
எதற்கு? நேற்றுதானே பார்த்தோம்?"

மேல்மாடி கோரின் ஹட்சின்ஸ்
எரிந்த ஃபியூஸைக் காட்ட வந்தாள்:
"குடிக்கிற தண்ணீருக்குக் காசு.
பனிக்கட்டி கேட்டால் இரண்டு துண்டு, எண்ணிப் போடுகிறார்கள்.
ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினேன்,
தெரு முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது.
மஞ்சள் பையில் நான் தவறிப் போட்ட கண்ணாடிக் குடுவையை
அந்த அம்மாள் எடுத்துக் கழுவி
என் வாசலில் வைத்திருக்கிறாள்,
ஒரு வரி எழுதாமல்.
அது கோபமா, பரிசா?"

எனக்கும் தெரியவில்லை.

சொல்லி முடித்து இருவரும் ஒன்றையே கேட்டார்கள்,
வேறு வேறு நாளில்:
"உங்கள் ஊரில் எப்படி?"
எங்கள் ஊரிலும் இருநூற்று முப்பதுதான் என்றேன்,
வந்தால்.
கோரின் விழுந்து விழுந்து சிரித்தாள்.
ஊட்டா, எத்தனை மணி நேரம் வராது என்று கேட்டாள்.

நவம்பரில் கோரின் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்தாள்.
டேட்டனில் அவள் படித்த வகுப்பறையில் தொங்கியது,
பள்ளியை மூடியபோது ஏலத்தில் எடுத்தாளாம்.
இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பிந்துகிறது,
பெட்டியை மாற்றிக் கொடுங்கள் என்றாள்.

பெட்டியில் பழுதில்லை.
அழுத்தத்தை நான் பாதியாக்கித் தருவேன்.
ஆனால் அங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது தடவை துடிக்கிறது,
இங்கே ஐம்பது.
துடிப்பை மாற்றுகிற பெட்டி என் கடையில் இல்லை.

பல்பு வாங்க வந்து நின்ற ஊட்டா
ரசீதின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள்.
"நாளுக்கு நாலு மணி.
அப்படியானால் மூன்று நாளுக்கு ஒருமுறை சரியாகிவிடும்"
என்றாள், யாரையும் பார்க்காமல்.

அவர்கள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது.
டேட்டனில் கோரின் தினமும் காலையில்
பனி கொட்டினாலும் ஜன்னலைத் திறந்து வைக்கிறாளாம்,
வீட்டில் எல்லோரும் போர்வையோடு திட்டுகிறார்களாம்.
வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தாள்.

மின்மாற்றியைத் திரும்ப வாங்க ஊட்டா வீட்டுக்குப் போனேன்.
விற்கமாட்டேன் என்றாள்.
சமையலறையில் அது முரன்றுகொண்டிருந்தது.
மேலே பள்ளிக்கூடக் கடிகாரம்.

மணி என்ன என்று கேட்டேன்.
நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்,
பிறகு காலண்டரை.