முக்கால் சுற்று

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரை மணிக்கு
சாட்ஸ்வொர்த் பள்ளிக்கூட மண்டபத்தில்
நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு
பதினொரு பேர் வெறுங்காலில் நிற்போம்.
தரையெங்கும் பிள்ளைகள் சிந்திய ரொட்டித்துகள்.
முதல் பயிற்சி, பெருக்குவது.

நாற்பத்தேழு வயதில் மஞ்சள் பெல்ட்.
டயர் கடைக் கல்லாவில்
இருபது வருடம் உட்கார்ந்தே பருத்தவள்.
ரத்தத்தில் சர்க்கரை என்று சீட்டு வந்தபோது
டாக்டர் நடக்கச் சொன்னார்.
நடந்தேன், ஒரு வாரம்.
தெருவில் ஒரு நாய் விடாமல் விசாரித்தது.
எட்டாம் நாள் இந்த வாசலைக் கடக்கையில்
உள்ளே பத்துத் தொண்டை ஒன்றாகக் கத்தியது.
அடிவயிற்றிலிருந்து கத்தலாம்,
யாரும் என்னவென்று ஓடிவர மாட்டார்கள்
என்றொரு இடம்
இந்த ஊரில் இருப்பது அதுவரை தெரியாது.

"எவனை அடிக்கப் போறே?" என்றார் தொரைசாமி
டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.
யோசித்துப் பார்த்தேன்.
யாருமில்லை.
இருந்த ஒரு மேனேஜரும் ரிட்டயர் ஆகிவிட்டார்.

நொக்குத்துலாதான் மாஸ்டர்.
இருபத்தாறு வயது, பகலில் வங்கி வேலை.
ஜூலு நாக்கில் ஜப்பான் எண்கள்:
இச்சி, நி, சான், ஷி...
எட்டுக்கு ஹாச்சி.
என் காதில் அது "ஆச்சு" என்றே விழும்.
ஆகவில்லை.
இன்னும் இரண்டு பாக்கி.

சண்டைப் பயிற்சியில் எனக்கு ஜோடி திருஷா.
பத்தாம் வகுப்பு, பிரவுன் பெல்ட்.
தாலியைச் சட்டைக்குள் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு
குனிந்து வணங்குவேன்.
அவள் கால் வருவதைப் பார்த்ததே இல்லை.
தோடு கழற்றிய காதோரம்
ஒரு விரல் தள்ளி அது வந்து நிற்கும்,
காற்று மட்டும் தட்டும்.
"சாரி ஆன்ட்டி" என்பாள்,
படாத அடிக்கு.

நேற்று ஏழு மணிக்கு மின்சாரம் போனது.
அட்டவணையில் இருந்ததுதான்.
நிறுத்த வேண்டாம் என்றது இருட்டிலிருந்து ஒரு குரல்.
முதல் காட்டா. இருபத்தொரு அசைவு.
தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும்.

கண் போனதும் மண்டபம் பெரிதாகிவிட்டது.
சட்டைக்கைகள் பட் பட்டென வெடித்தன.
ஆம்புலன்ஸ் ஓட்டும் சிபுசீசோவின் முட்டி
ஒவ்வொரு திருப்பத்திலும் சொடுக்கியது.
அப்போதுதான் புரிந்தது,
எனக்குத் தெரிந்த கராத்தேயில் பாதி
எனக்கு முன்னால் நிற்கும் திருஷாவின் முதுகு.
அது இப்போது இல்லை.

மூன்றாவது மேல்தடுப்பில் கத்தினேன்.
நன்றாகவே கத்தினேன்.
அடுத்தது முக்கால் சுற்று.
சுற்றினேன்.
முக்கால்தான் என்று உடம்பு சத்தியம் செய்தது.
மூன்று குத்து, ஒரு கத்தல், மறுபடி ஒரு திருப்பம்,
தாழ்ந்து நான்கு தடுப்பு,
கால் சேர்த்து நின்றேன்.
இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் செய்ததில்லை.

சிபுசீசோ போன் டார்ச்சை அடித்தான்.
பத்துப் பேர் மேடையைப் பார்த்து வரிசையாக.
நான் மட்டும் பக்கச் சுவரில்
தீயணைப்புக் குப்பியோடு மூக்குக்கு மூக்கு,
முஷ்டி மடக்கி.

திருஷா முதலில் சிரித்தாள்.
பிறகு எல்லாரும்.
பிறகு நான், உட்கார்ந்தே விட்டேன்.
நொக்குத்துலா டார்ச்சை வாங்கி
என் கால் நின்ற இடத்தைப் பார்த்தாள்.
"நிற்கிற விதம் சரி," என்றாள்.
"இடம்தான் வேறு."

இன்று காலை ஐந்தரை.
ஊசி குத்திய விரல் நுனியில் ஏழு புள்ளி இரண்டு.
போன மாதத்தைவிடக் குறைவு, பெருமைப்பட ஒன்றுமில்லை.
பாலை வைத்துவிட்டு
அடுப்பைப் பார்த்து நின்று
இடுப்பை முதலில் விடாமல் சுற்றுகிறேன்:
ஜன்னல், பின்கதவு,
அங்கேதான் நேற்று நின்றுவிட்டேன்,
இன்னும் கால்வாசி,
ஃபிரிட்ஜ்.

மறுபடி.
ஜன்னல், பின்கதவு, ஃபிரிட்ஜ்.
உள்ளறையிலிருந்து தொரைசாமி கேட்கிறார்
பால் பொங்குற வாசனை வருதே, அங்கே யாருமில்லையா என்று.