அரைப் பேர்

அப்புத்தளையிலிருந்து செய்தி:
இசைத்தட்டு வந்துவிட்டது.
சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்து,
பதுளை ரயிலின் சாமான் பெட்டியில்
கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே
நசுங்காமல் வந்துவிட்டது.
இருநூறு தட்டு. இருநூறு உறையிலும் கட்டாக் கருவாட்டு வாசம்.

பதிவு செய்தது மாசியில்,
மூடிக்கிடக்கும் தொழிற்சாலையில்
கொழுந்து வாட்டும் மேல்மாடியில்.
பழைய ஜாஸ். நியூ ஓர்லியன்ஸ் பாணி.
ஆளுக்கொரு பக்கம் இழுத்தும்
எல்லோரும் ஒரே ஸ்டேஷனில் இறங்குகிற வகை.

ஒலிவாங்கி என் பொறுப்பு. இருந்தது ஒன்றே ஒன்று.
அதைச் சுற்றி ஆட்களைத்
தள்ளித் தள்ளி நிறுத்தியதுதான் என் கலவை.
டிரம்பெட் ஜான்ஸ் ஐயா,
பன்னிரண்டடி தள்ளி, சுவரைப் பார்த்து:
தியத்தலாவை முகாமில் முப்பது வருஷம் ஊதியவர்,
மெதுவாக ஊதத் தெரியாது.
கிளாரினெட் செபமாலை பெட்டிமேல் ஏறி.
பாஞ்சோ துவான் ஸப்ரி முழங்கைத் தூரத்தில்.
டிராம்போன் விமலசேனவுக்குக் கை நீட்ட இடமில்லை;
சன்னலைத் திறந்துவிட்டோம்.
அவர் இழுப்பு பனிமூட்டத்துக்குள் போய்ப் போய்
ஈரத்தோடு திரும்பி வந்தது.
டபுள் பேஸ், மரியபுஷ்பம்.

கொழும்பு நிருபர் கேட்டார்:
கொழுந்து பறிக்கிற விரலாச்சே,
அதிலிருந்து வந்ததா இந்த லாவகம்?
"விரல்ல என்னா இருக்கு," என்றாள்.
"எல்லாம் தோள்ல இருக்கு.
இதத் தூக்கிக்கிட்டு இந்தப் படி ஏறிப் பாருங்க."
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

முதல் டேக்கைத் தகரக்கூரை மழை தின்றது.
இரண்டாவதில் ஜான்ஸ் ஐயாவுக்கு இருமல்.
மூன்றாவதில், சுரங்கத்துக்கு முன்னால் ரயில் ஊத,
செபமாலை கண்ணை மூடியபடியே
அதற்குப் பதில் ஊதினான்.
அதை வைத்துக்கொண்டோம்.

பிறகு மின்சாரம் போனது.
வந்தபோது மணி ஐந்து பத்து.
மேற்பிரிவுக்குக் கடைசி பஸ் ஐந்து இருபது.
பேஸைச் சுவரில் சாத்திவிட்டு
செருப்பைக் கையில் பிடித்து ஓடினாள் மரியபுஷ்பம்.
கடைசிப் பாட்டு அவள் இல்லாமல்.

அன்று மத்தியானமே மலையை விட்டு வந்தவள்.
பதினெட்டுக் கிலோ கேட்கிற மலையில் ஒன்பது.
செக்ரோலில் அரைப் பேர்.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால்,
தட்டின் நடுத்தாளில் ஐந்து பேரையும்
வட்டமாக அடிக்கச் சொல்லியிருந்தேன்.
அச்சில் ஏதோ பிசகு.
துளை நடுவில் விழாமல்
அவள் பேரில் விழுந்திருக்கிறது.
'மரியபு' வரைக்கும் இருக்கிறது.
மிச்சம் இருக்க வேண்டிய இடத்தில்
சுழல்தட்டின் ஆணி.

நேற்று வந்து பார்த்தாள்.
"இங்கயும் அரைப் பேர்தானா?"
கேட்டுவிட்டு அவள்தான் சிரித்தாள்.
என்னால் முடியவில்லை.
போட்டுக் காட்டுங்க என்றாள். போட்டேன்.
துளை விலகியதால் தட்டு கொஞ்சம் ஆடியது,
மாட்டுவண்டியில் உட்கார்ந்து கேட்பதுபோல.

கடைசிப் பாட்டில் தலையைச் சாய்த்தாள்.
"நான் போனப்பறம் யாரு வாசிச்சது?"
யாருமில்லை.
ஜான்ஸ் ஐயா உரக்க ஊதினால்
சாத்திவைத்த பேஸ் தானாகவே உறுமுகிறது.
கம்பிகள் அப்படித்தான்.
"அப்ப அதுக்கும் சேத்துப் போடுங்க,
ஒன்னரைப் பேர்."

நீலப் பேனாவால் உறைகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்,
முழுப் பேரும், பக்கத்தில் ஒரு அரையும்.
இப்போது நூற்றுப் பதினேழில்.
விரலெல்லாம் கருவாடு.

விற்பனை ஞாயிறு பத்து மணிக்கு,
ரயில்வே கழகத்தில். மழை பெய்தாலும் உண்டு.
பேஸ் தூக்க இரண்டு பேர் தேவை.