கொட்டச்சேடு ஒரு டிக்கெட்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்க
அஸ்தம்பட்டியில் அண்ணத்தில் ஊசி போட்டார்கள்.
பத்தாம் நாள் மலையில், மூன்றாவது வளைவில்
விசில் ஊதும்போது
வாய்க்குள் ஏதோ கழன்று விழுந்தது.
உள்ளங்கையில் துப்பிப் பார்த்தேன்:
என் சதை. நாவல்கொட்டை அளவு.

வலி பிறகுதான் வந்தது, எழுத்து எழுத்தாக.
அடிவாரம் என்றால் ‘டி’யில் எரியும்.
கோரிமேடு கடைசியில் சுள்ளென்னும்.
ஏற்காடு, நாக்கு நுனி போய் முட்டுகிற இடம்
சரியாக அந்தக் குழி.
கொட்டச்சேட்டுக்கு இரண்டு தரம் உயிர் போகும்.
உதட்டிலேயே முடிகிற ஊர் ஒன்றுகூட
என் ரூட்டில் இல்லை.
டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டு
மெஷினால் கம்பியைத் தட்டினேன்.
“தொண்டை போச்சா கண்டக்டரே?”
பட்டர் ஃப்ரூட் மூட்டைக்காரர் சிரித்தார்.

ஒரு துணுக்கு வெட்டி அனுப்பினார்கள்.
முதல் தாள் புற்று என்றது.
செங்கமலம் சீட்டைத் தள்ளி எடுத்தாள்,
பதினெட்டாயிரம் நட்டத்தில்.
நான் மச்சினன் சடையப்பனுக்கு
நாலு வருச வரப்புத் தகராறை விட்டுக்கொடுத்தேன்.
நீயே வைத்துக்கொள் அந்த ஒன்றரை சென்டை.

அறுவைக்குத் தேதி குறித்த வாரம்
நிலோஃபர் டாக்டர் அந்தக் கண்ணாடிச் சில்லை
மறுபடி வாங்கிப் பார்த்தார்.
“புற்று இல்லை. எச்சில் சுரப்பிக்கு ரத்தம் போகாமல்
கொஞ்சம் செத்துவிட்டது.
பக்கத்துச் செல்கள் பயந்து வேஷம் மாற்றியிருக்கின்றன.
தொடாதீர்கள். எட்டு வாரம். தானே மூடும்.”
பெயரும் எழுதித் தந்தார்:
நெக்ரோடைசிங் சயலோமெட்டாபிளேசியா.
ஊர்ப்பெயர் சொல்லிப் பிழைப்பவன் நான்.
இதில் ஏறினால்
எந்த நிறுத்தத்தில் இறங்குவதென்று தெரியவில்லை.

மருந்து கிடையாது. உப்புத் தண்ணீர்.
‘புற்று இல்லையாம், வரப்பைக் கொடு’ என்று கேட்க
ஒருநாள் கிளம்பிப் போய்
சடையப்பன் தெருமுனையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.
டீ சூடு.

செங்கமலம் சேர்வராயனுக்கு நேர்ந்திருந்தாள்,
குகை வாசல்வரை வாய் திறக்காமல் வருகிறேன் என்று.
“இல்லாத நோய்க்கு எதுக்கு?” என்றேன்.
“வேண்டினப்போ இருந்துச்சில்ல” என்றாள்.

ஒன்பதாம் ஞாயிறு என் பஸ்ஸிலேயே ஏறினாள்.
எங்கே போகணும் என்று கேட்டேன்,
எல்லாரையும் கேட்கிற மாதிரி.
விரலால் மேலே காட்டினாள்.
நூறு ரூபாய் நீட்டி
பாக்கியை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

இருபது வளைவு.
ஒவ்வொன்றிலும் நாக்கை மேலே விட்டுத் தடவினேன்.
கரை சுருங்கிச் சுருங்கி
மிளகு அளவு.
மழை, பழம், வாழவந்தி.
ழ மட்டும் இத்தனை வாரமும் என்னை வருத்தவில்லை.
அது அண்ணத்தைத் தொடுவதில்லை,
கிட்டப் போய், பள்ளத்தைப் பார்த்துவிட்டு
மலைவண்டி மாதிரி வளைந்து திரும்பிவிடும்.

ஏற்காட்டில் அவள் இறங்கினாள்.
குகைக்குள் குனிந்து போ, மேற்பாறை தாழ்வு
என்று சொல்ல வந்தேன். அவளுக்குத் தெரியும்.

படியில் நின்று
கொட்டச்சேடு என்று கத்தினேன்.
கொஞ்சம் எரிந்தது.
இன்னொரு தரம் கத்தினேன்.