அழுகல் எத்தனை சென்டிமீட்டர்

மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது
என்றாள் டாக்டர் வெக்கோலா.
வெளியே மைனஸ் பதினெட்டு.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
குவோப்பியோவில்
இரண்டு புள்ளி ஒன்பதுக்கு யாரும்
குல்லாய்கூடப் போடமாட்டார்கள்.

அவள் சிரிக்கவில்லை.
திரையைத் திருப்பி
என் இடுப்பைக் காட்டினாள்.
சாம்பல் நிறத்தில் ஒரு கரை,
ஓரமெல்லாம் வெளிச்சம் கசிந்து.

எனக்கு விளக்கத் தேவையில்லை.
முப்பத்தோரு வருடம் நகராட்சிக்காக
ஏரிப் பனியில் துளை போட்டு அளந்தவள் நான்.
செவ்வாய்தோறும்.
துளைக்கருவி, கொக்கி வைத்த அளவுகோல், நீலப் பென்சில்.
ஆள் நடக்கப் பத்து சென்டிமீட்டர்,
பனி ஸ்கூட்டருக்குப் பதினைந்து.
எண்ணைப் பலகையில் எழுதிக்
கரையில் நட்டுவிட்டு வந்துவிடுவேன்.
இறங்குவதா வேண்டாமா என்பது
படிப்பவர் பாடு.

அக்டோபரில் காளான் கூடையோடு
வேர் தடுக்கியது.
விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது,
கொஞ்சம் அவசரமாக உட்கார்ந்தேன்.
மணிக்கட்டு போயிற்று.

என் நாத்தனார் இர்யா
ஒன்பது வருடம் இந்த மாத்திரையை விழுங்கினாள்,
ஒரு வாரமும் தவறாமல்.
பேருந்து நிறுத்தத்தில் சும்மா நின்றிருந்தபோது
தொடை எலும்பு சாக்பீஸ் போல முறிந்தது.
முறிந்த பிறகுதான் விழுந்தாள்.

எதிர்வீட்டு ஹெல்வி
பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்றாள்.
தபால் எடுக்கப் போனவள்
இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.
அந்தத் தபால்பெட்டியில் இப்போது வேறு பெயர்.

இர்யாவுக்கு நேர்ந்தது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட நேராது,
ஹெல்வி மாதிரி இந்த மாடியிலேயே நாலு பேர்
என்றாள் டாக்டர்.
எண்ணை நம்புகிறவள்தான் நான்.
ஆனால் அன்று நிறுத்தத்தில்
இர்யாவின் தலையை மடியில் வைத்திருந்தது
எண் இல்லை.

ஏப்ரலில் ஏரி தடித்துத்தான் இருக்கும்.
கோல் நாற்பது காட்டும்.
உள்ளே மட்டும் ஊசி ஊசியாய்ப் பிரிந்திருக்கும்,
கருவி வெண்ணெயில் போல இறங்கும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் ‘அழுகல்’ என்று எழுதிவைப்பேன்.
அழுகல் எத்தனை சென்டிமீட்டர்
என்று மேலதிகாரி ஒருமுறை கேட்டார்,
கேலியாக இல்லை, உண்மையாகவே.

நானும் டாக்டரிடம் ஏறக்குறைய அதையே கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினாள்.
இது கட்டாது, என்றாள்,
இடிக்கிறவர்களை வீட்டுக்கு அனுப்பும், அவ்வளவுதான்.

என் எலும்புக்குள் இத்தனை காலம்
இடிப்பவரும் கட்டுபவரும்
ராவும் பகலும் வேலை பார்த்திருக்கிறார்கள்.
ஒரு கோப்பை காப்பி கொடுத்ததில்லை நான்.

வாரம் ஒன்று. வெறும் வயிறு.
பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர்.
அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது.
காப்பியும் கூடாது.
கடைசியில் சொன்னதற்குத்தான் மனசு கலங்கியது.

அதற்கு முன்னால் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாக வேண்டுமாம்.
பல் மருத்துவர் மார்ச் மூன்று என்கிறார்,
புண் ஆற இன்னும் சில வாரம்.
பெட்டி ஜன்னல் விளிம்பில் இருக்கிறது, பிரிக்காமல்.
முடிவெடுக்காமல் இருக்க
இவ்வளவு நியாயமான காரணம்
எனக்கு வாய்த்ததே இல்லை.

இன்று செவ்வாய்.
ஏழு மணிக்குத் தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு
ஜன்னலருகே நிற்கிறேன்,
மாத்திரை இல்லாமல்,
முடிகிறதா என்று பார்க்க.

இருட்டில் ஏரிமேல் ஒரு நெற்றிவிளக்கு.
என் வேலைக்கு வந்திருக்கும் பையன், ஏத்து.
விளக்கு குனிகிறது, நிமிர்கிறது, மறுபடி குனிகிறது.
கொக்கியை விளிம்பில் மாட்டத் தெரியவில்லை அவனுக்கு.
இடப்பக்கம் சாய்க்க வேண்டும்.
ஓடிப்போய்ச் சொல்லலாம்.
பூட்ஸ் மாட்டக் குனிய வேண்டும்.

இன்னும் பதினொரு நிமிடம்.

பிடித்துவிட்டான்.
ஏதோ எழுதுகிறான்.
இங்கிருந்து படிக்க முடியவில்லை.