வடபாற்கெல்லை

எலி தின்றது போக எஞ்சிய சாசனங்களைப்
புதிய ஏட்டில் பெயர்த்தெழுதச் சொன்னார்
மடத்துத் தலைவி ஹவீஸ்.
இருபத்தாறு தோல்கள். தொட்டில் அளவு பெட்டி.
பதினொரு பெண்கள் உண்பதும் உடுப்பதும்
அதற்குள்தான் மடித்துக் கிடந்தன.

விதவை கன்னோரா: முக்கால் ஏக்கர் பார்லி நிலம்,
அவள் மகள் இங்கே முக்காடு ஏற்ற நாளில்.
தோல் பதனிடும் ஆஸ்பெர்ட்: ஆண்டுக்குப் பன்னிரண்டு பென்னி,
கன்னியர் செருப்புக்கு மட்டும்,
வேறெதற்கும் ஆகாது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறான்.
ஒரு குளிர்காலம் அதில் உப்பு வாங்கினோம்.
யாரோ ஒருவர், பெயரை எலி தின்றுவிட்டது:
பீடத்தின் முன் ஒரு தேன்மெழுகு விளக்கு,
இரவெல்லாம், உலகம் உள்ளளவும்.
பெயர் இல்லாதவருக்காக இன்றும் ஏற்றுகிறோம்.
ஆட்டுக்கொழுப்புதான். அவருக்கா தெரியப்போகிறது.

மை உறைந்துபோகும் குளிர்.
கூட்டை அக்குளில் இடுக்கி, இளக்கி, எழுதினேன்.

பத்தொன்பதாவது தோல் தர்ஸ்டனுடையது.
பச்சை அரக்கு முத்திரை, குதிரைமேல் பிரபு.
குதிரைக்குத் தலை உடைந்திருந்தது.
'என் ஆன்மாவுக்காகவும், என் தந்தை தாய்,
என் மனைவி சபீனா ஆன்மாக்களுக்காகவும்
ஆலைக்குக் கீழுள்ள புல்வெளி மூன்று ஏக்கரும்
தவக்காலம்தோறும் நாற்பது விலாங்கும்
தூய தருமமாக, என்றென்றைக்கும்.'

விலாங்கு.

என் தம்பி வைமர் அந்த ஆலை மடுவில்தான்
இரவில் கூடை இறக்கினான். பதினான்கு வயது.
தர்ஸ்டனின் காரியக்காரன் துடுப்பால் அடித்தான்.
கூடையில் மூன்று இருந்தனவாம்.
அவனைத் தேடுமுன் அதை எண்ணியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளாய்
தர்ஸ்டனின் ஆன்மாவுக்காகப் பாடுகிறேன்,
திங்கள்தோறும், வரிசையில் நான்காவதாக நின்று.
ஒரு சொல் பிசகியதில்லை.
முதல் தவக்காலத்தில் விலாங்குக் குழம்பு வந்தபோது
தட்டைத் தள்ளினேன்.
இரண்டாவதில் பசித்தது.

எல்லைகள்.
கீழ்பாற்கெல்லை முள்மரம்.
தென்பாற்கெல்லை உல்ஃப்ரிக்கின் வாய்க்கால்.
மேல்பாற்கெல்லை சந்தைக்குப் போகும் வண்டித்தடம்.
வடபாற்கெல்லை
ஓட்டை. எலிப் பல்லின் சின்ன அரைவட்டம்.

ஹவீஸ் அம்மையாரிடம் கேட்டிருக்கலாம்.
அடுத்த அறையில்தான் இருமிக்கொண்டிருந்தார்.
'வைமர் மடு' என்று எழுதினேன்,
மற்ற எழுத்துகளைவிடப் பெரிதுமல்ல, சிறிதுமல்ல.
மணல் தூவி ஊதினேன்.
இரவு மன்றாட்டுக்கு மணி அடித்தது.
பொய் எழுதிய விரலைக் கையுறைக்குள் செருகிப் போனேன்.

ஆறாண்டு கழித்துத் தர்ஸ்டனின் மகன் ஃபுல்க் வழக்காடினான்.
அப்பா காய்ச்சலில் பிதற்றியது அந்தத் தானம்,
புல்வெளி எனது என்றான்.
சத்தியம் சொல்ல ஊரார் பன்னிருவர் வந்தார்கள்.
எங்கள் தரப்பில் ஏடு படிக்கப்பட்டது.
வடக்கு வந்ததும் ஃபுல்க் சிரித்தான்:
அப்படியொரு மடு என் நிலத்தில் கிடையாது.
தலைவிக்குத் துணையாகப் போயிருந்தேன்.
பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மாட்டுக்காரன் ஓர்ம் எழுந்தான்.
'ஏன் கிடையாது? வைமர் மடு.
என் பிள்ளைகளை அங்கே குளிக்க விடுவதில்லை.'
கொல்லன் சொன்னான், ஆலைக்காரன்கூடச் சொன்னான்.
பன்னிருவரும் தொப்பியை மார்பில் வைத்து:
அப்படித்தான் அழைக்கிறோம், வெகு காலமாய்.
அவர்களில் ஒருவருக்கும் எழுதத் தெரியாது.
என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புல்வெளி எங்களிடமே இருக்கிறது.
இந்தத் தவக்காலத்தில் ஃபுல்க்கின் ஆள்
வாசலில் கூடையைக் கவிழ்த்துவிட்டு வசவோடு போனான்.
சேற்றில் நெளிந்தவற்றை எண்ணினோம். முப்பத்தேழு.
குறைவைக் கணக்கில் குறித்து வை என்றார் ஹவீஸ்.

நாற்பது என்றே பதிந்தேன்.
அந்த மூன்றும் முன்பே எடுத்தாயிற்று.