சட்பரி, நிலத்துக்குக் கீழே

காலை ஆறுக்குக் கூண்டு இறங்கும்.
தவறவிட்டால் அன்றைக்குப் பிரபஞ்சம் இல்லை.
நிக்கல் தோண்டுகிறவர்களோடு தோள் நெரிய
இரண்டு கிலோமீட்டர் பாறைக்குள் போகிறேன்.
காது அடைக்கிறது. எச்சில் விழுங்குகிறேன்.

கீழே முதல் வேலை குளியல்.
நகக்கண்ணில் மிஞ்சிய மண்கூட
அந்த அமைதியில் கூச்சல் போடும்.

"இன்றைக்காவது மாட்டியதா?"
திரும்பும் கூண்டில் ரெழான் கேட்பான்.
நாலு வருசமாய் ஒரே தலையாட்டல்.
"டன்னுக்கு இவ்வளவென்று கூலி தந்தால்
நீ பட்டினிதான்" என்பான்.

வாடகை வீட்டில்
மேல்மாடிக்காரரை நான் பார்த்ததே இல்லை.
வெளிச்சம் கசியாது. பேச்சும் கசியாது.
குதிகாலின் பாரம் மட்டும்
என் தலைக்கு மேல் நடந்து
குளியலறைவரை போய்த் திரும்பும்.

அப்படித்தான் இருக்கலாம் என்கிறது என் கணக்கு:
மயிரிழையைவிட மெல்லிசாய்ச் சுருண்டுகொண்ட
இன்னொரு திசை,
அதில் யாரோ, எதுவோ.
எடை மட்டும் இந்தப் பக்கம் இறங்குகிறது;
பால்வீதி
சிதறிப்போகாமல் சுற்றுகிறது.

நேற்றிரவு
இருபது கிலோ அரிசி மூட்டை
கைநழுவித் தரையில் விழுந்தது.

மேலே நடை
சட்டென்று நின்றது.